கோழி இறக்கை நாளுக்கு ஒரு பெயர் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை 29 அன்று தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் ‘இன்று சிக்கன் விங்ஸ் நாள்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்த செய்தியை இணையப் பதிப்பில் படித்தேன். அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஆங்கர் பார் என்ற கடையை நடத்திய ஃபிராங்க் பெல்லிஸிமோ 1964-ல் கண்டுபிடித்த உணவு இது, இதுதான் ‘அமெரிக்காவின் சிக்கன் 65’ என்று எழுதியிருந்தீர்கள். நான் அந்த பஃபலோவை ஒட்டியுள்ள டோனவாண்டாவில் குடியிருக்கிறேன். சொந்த ஊர் துறையூர். இங்கே ஒரு பீட்சா கடையின் சமையலறையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பதுதான் பல வருடங்களாக எனக்கு வேலை. பீட்சா கடைக்காரிக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் விங்ஸ் விற்காத பீட்சா கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு பெரிய பீட்சாவும் ஒரு டபுள் விங்ஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது இங்கே பாதிக் குடும்பங்களின் வழக்கம். ‘டபுள்’ என்றால் இருபது துண்டு. பத்து துண்டு ‘சிங்கிள்’, ஐம்பது ‘பக்கெட்’.

சின்ன விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இது சிக்கன் 65 இல்லை. சிக்கன் 65-க்கு மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் போட்டுப் பிசறி ஊற வைத்த பிறகுதான் கறி எண்ணெயைப் பார்க்கும். விங்ஸுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மாவு இல்லை, மசாலா இல்லை. வெறும் இறக்கையைத் துடைத்து அப்படியே எண்ணெயில் போடுகிறோம். காரம் சேர்வது சட்டியை விட்டு வெளியே வந்த பிறகு.

எங்களுக்கு இறக்கைகள் நாற்பது பவுண்டு பெட்டிகளில், அதாவது பெட்டிக்குச் சுமார் 18 கிலோ, வந்து இறங்கும். நுனி வெட்டித் துண்டுபோட்டதாகவே வாங்கும் கடைகள் நிறைய. எங்கள் முதலாளி பழைய ஆள், முழு இறக்கைதான் வாங்குவார். நுனியை வெட்டி ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மூட்டில் இரண்டாக்க வேண்டும். எலும்பின் மேல் கத்தியை வைத்து அழுத்தினால் சில்லு தெறிக்கும். மூட்டை விரித்துப் பிடித்தால் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அங்கே வைத்தால் கத்தி தானாக இறங்கிவிடும். சதைப்பிடிப்பான துண்டுக்கு ‘ட்ரம்’ என்று பெயர், இரண்டு மெல்லிய எலும்பு உள்ள துண்டு ‘ஃபிளாட்’. ‘ஃபிளாட் மட்டும் போடு’ என்று கேட்டுச் சண்டை பிடிக்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. கோழிக்கு இருப்பது இரண்டே இறக்கை, அதில் நான் எங்கே போவேன்?

எண்ணெய் கிட்டத்தட்ட 190 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கூடையை இறக்கியதும் தோலில் இருக்கும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பெரிய சத்தம் போடும். தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மெலிந்து சடசடவென்று ஆகும். பன்னிரண்டு நிமிடத்துக்கு டைமர் வைத்திருப்போம், ஆனால் அதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் கூடையை உதறி, இறக்கைகளைப் பெரிய எவர்சில்வர் பேசினில் கொட்டி, சாஸை ஒரு கரண்டி ஊற்றி, பேசினை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கித் தூக்கிப் புரட்ட வேண்டும். சாஸ் என்பது கேயன் மிளகாயும் வினிகரும் சேர்ந்த கார சாஸ், அதில் உருக்கிய வெண்ணெய். வெண்ணெய் கூடினால் ‘மைல்டு’, குறைந்தால் ‘ஹாட்’, நடுவில் ‘மீடியம்’. சுடச்சுட இருக்கும் கறியில் சாஸ் பட்டதும் வினிகர் நெடி குப்பென்று எழும்பித் தொண்டையைப் பிடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் முதல் வாரம் முழுக்க இருமிக்கொண்டே இருப்பார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் செய்தியில் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் பெல்லிஸிமோ என்று இருந்தது. ஆங்கர் பார் சொல்லும் கதைப்படியே வைத்துக்கொண்டாலும், அன்றைக்கு அடுப்பில் நின்றவர் ஃபிராங்க் இல்லை. அவருடைய மனைவி தெரெஸா.

அந்தக் கதையே இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஃபிராங்க் சொன்னது: ஸ்பெகட்டி சாஸுக்காகக் கோழியின் முதுகுப் பகுதியும் கழுத்தும் கேட்டிருந்தார்கள், தவறுதலாக இறக்கைகள் வந்துவிட்டன. இவ்வளவு நல்ல இறக்கைகளைப் போய் சாஸில் கொதிக்க விடுவதா என்று அவருக்கு மனசு வரவில்லை. பாரில் பரிமாறுகிற மாதிரி ஏதாவது செய்து கொடு என்று தெரெஸாவிடம் சொன்னார். மகன் டோமினிக் சொன்னது வேறு. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் பாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிட மாட்டார்கள். நள்ளிரவு தாண்டிவிட்டால் சனிக்கிழமை, தடை இல்லை. கூட இருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் தின்ன ஏதாவது வேண்டும் என்று அம்மாவைக் கேட்டார், அம்மா இறக்கைகளைப் பொரித்துக் கொடுத்தார். இரண்டு கதையிலும் கேட்டவர் ஆண், செய்தவர் தெரெஸா.

எனக்கு டோமினிக்கின் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. காரணம், அந்த வெள்ளிக்கிழமைப் பழக்கத்தின் மிச்சத்தை நான் இன்றும் கண்ணால் பார்க்கிறேன். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கடையில் விங்ஸ் ஆர்டர் படுத்துவிடும், மீன் பொரித்தே கை ஓய்ந்துபோகும். போலந்து, இத்தாலி, அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் நள்ளிரவுக்குக் காத்திருந்து கறி கேட்பவர்கள் இருந்திருப்பார்கள் என்று நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை.

சரி, இந்த நாள் எப்படி வந்தது? 1977 ஜூலை 29-ஐ சிக்கன் விங் நாள் என்று பஃபலோ மேயர் ஸ்டான் மகாவ்ஸ்கி அறிவித்தார். உங்கள் செய்தியில் அந்த ஆண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆனால் ஆண்டுதான் முக்கியம். அதே 1977 ஜனவரி 28-ஆம் தேதி பஃபலோவைப் பனிப்புயல் தாக்கியது. ஈரி ஏரி டிசம்பரிலேயே உறைந்துபோய், அதன் மேல் வாரக்கணக்கில் பனி குவிந்து கிடந்தது. புயல்காற்று அவ்வளவையும் வாரிக் கொண்டுவந்து நகரத்தின் மேல் கொட்டியது. கார்கள் புதைந்தன. காருக்குள்ளேயே சிக்கி உறைந்து இறந்தவர்களும் உண்டு, மொத்தச் சாவு இருபதைத் தாண்டியது. பஃபலோ என்றாலே தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர்களுக்குப் பனி ஜோக்தான் என்று ஆனது அதற்குப் பிறகு. கூடவே இரும்பு ஆலை வேலைகளும் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து லாக்கவானாவில் பெத்லஹேம் ஸ்டீல் 1983-ல் உருக்கு உற்பத்தியையே நிறுத்திவிட்டது. 1950-ல் 5.8 லட்சம் பேர் இருந்த நகரம், 2020 கணக்கெடுப்பில் 2.78 லட்சம். அப்படிச் சரிந்துகொண்டிருந்த ஊரில், புயல் அடித்து ஆறு மாதம் ஆன நிலையில், இது எங்கள் உணவு என்று பெருமையாகக் காட்ட மேயருக்கு ஒன்று கிடைத்தது. லீவு கிடையாது, காசு செலவு இல்லை, ஒரு தாளில் கையெழுத்து. அதை நான் குறை சொல்ல மாட்டேன், அன்றைய நிலைமையில் நானே கை தட்டியிருப்பேன்.

குறை அந்தத் தாளில் யார் பெயர் இருந்தது என்பதில்தான். 1964-ல் திரு. பெல்லிஸிமோ செய்து பார்த்த சுவையான சோதனை என்றுதான் அந்த அறிவிப்பு பேசுகிறது. திருமதி என்று இல்லை. பாரை நடத்தியவர் பெயரில் பெருமை போய்ச் சேர்ந்தது, பொரித்தவர் கதைக்குள் ஒரு ஆளாக நின்றுவிட்டார்.

விட்டுப்போன இன்னொரு பெயர் ஜான் யங். உங்கள் செய்தியில் மட்டும் இல்லை, அன்றைய அறிவிப்பே ஆங்கர் பார் கதையைத்தான் சொன்னது.

ஜான் யங் அலபாமாவில் பிறந்த கறுப்பினத்தவர். 1940-களின் கடைசியில் பஃபலோவுக்கு வந்தவர். நகரத்தின் கிழக்குப் பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஜெஃபர்சன் அவென்யூவில், 1960-களின் ஆரம்பத்தில் இறக்கைகளையே முக்கிய உணவாக வைத்துக் கடை நடத்தினார். கடையின் பெயர் ‘விங்ஸ் அண்ட் திங்ஸ்’. அவர் இறக்கையைத் துண்டு போடவில்லை. முழுசாக, மாவில் புரட்டிப் பொரித்து, ‘மம்போ சாஸ்’ என்று அவர் சொன்ன இனிப்பும் புளிப்பும் காரமும் கலந்த சாஸில் தோய்த்துக் கொடுத்தார். ஆங்கர் பார் இருக்கும் மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ஜெஃபர்சன் அவென்யூவுக்கு நடந்தே போகலாம், ஏறத்தாழ ஒரு மைல். ஆனால் இந்த ஊரில் மெயின் ஸ்ட்ரீட்தான் எல்லைக்கோடு. அதற்குக் கிழக்கே கறுப்பர்கள், மேற்கே வெள்ளைக்காரர்கள் என்று பிரிந்து கிடந்த நகரத்தில், கிழக்கே விற்றதை மேற்கே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1967 கோடையில் அந்தப் பகுதியில் கலவரம் நடந்தது. 1970-ல் ஜான் யங் ஊரை விட்டு இல்லினாய்ஸ் மாநிலத்துக்குப் போய்விட்டார். அறிவிப்பு வந்தபோது அது என் உணவு என்று சொல்ல ஜெஃபர்சன் அவென்யூவில் அவருடைய கடை இல்லை. வெகு காலம் கழித்து ஊருக்குத் திரும்பினார், 1998-ல் காலமானார்.

இந்தப் பெயரை நான் முதலில் கேட்டது என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியம்மாவிடம். வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், கிழக்குப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு ஜூலை 29-ல் கடைத் தொலைக்காட்சியில் வழக்கம்போல ஆங்கர் பாரைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். செய்தியாளர் பெண் விரலெல்லாம் சாஸோடு சிரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா செலரித் தண்டு நறுக்குவதை நிறுத்தவே இல்லை. “எங்க அப்பா சம்பளம் வாங்கின அன்னைக்கு ஜான் யங் கடைக்குக் கூட்டிட்டுப் போவார். சாஸ் பேப்பர் பையை நனைச்சு என் ஃபிராக்ல வடியும், அம்மாகிட்ட அடி வாங்குவேன். இவங்களுக்கு அது தெரியவே தெரியாது” என்றார். கோபம் ஒன்றும் இல்லை குரலில். கோபப்பட்டு அலுத்துப்போனவர் மாதிரி இருந்தது. அப்புறம்தான் நான் விசாரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.

இது ஏதோ பழைய நினைவில் பாட்டிமார் சொல்லும் கதை என்று தாங்கள் ஒதுக்கிவிடக் கூடாது. 1980-ல் நியூயார்க்கர் இதழுக்காக எழுத்தாளர் கால்வின் டிரில்லின் இந்த ஊருக்கு வந்து விங்ஸின் வரலாற்றைத் தேடினார். ஆங்கர் பார் கதைகளை எழுதிய அதே கட்டுரையில் ஜான் யங்கையும் சந்தித்து எழுதியிருக்கிறார். கறுப்பின மக்கள் எக்காலமும் இறக்கை தின்றுகொண்டுதான் இருந்தார்கள், தன்னுடைய கண்டுபிடிப்பு அந்த சாஸ்தான் என்பது யங்கின் வாதம். அச்சில் வந்து நாற்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. 2002 முதல் செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையையொட்டி நடக்கும் தேசிய பஃபலோ விங் திருவிழாவின் கௌரவப் பட்டியலிலும் பிற்பாடு ஜான் யங்கைச் சேர்த்தார்கள். ஆனால் ஜூலை 29 வந்தால் செய்தி எழுதுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். பஃபலோ தொலைக்காட்சியிலிருந்து உங்கள் பத்திரிகை வரைக்கும் அதே கதைதான் வந்து சேர்கிறது.

இன்றைக்குத் தட்டில் வருவது ஜான் யங் செய்தது இல்லையே என்று இங்கேயே சிலர் கேட்பார்கள். உண்மைதான். துண்டு போட்டு, மாவில்லாமல் பொரித்து, கார சாஸும் வெண்ணெயும் சேர்த்து, பக்கத்தில் செலரித் தண்டும் புளூ சீஸ் என்ற வாடை தூக்கலான பாலாடைக்கட்டியும் வைப்பது ஆங்கர் பார் வழிதான். நான் தினமும் செய்வதும் தெரெஸாவின் தட்டைத்தான். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் இறக்கை என்பது சூப்புக்குப் போகிற, இல்லாவிட்டால் குப்பைக்குப் போகிற சாமான் என்று இருந்த காலத்தில், அதை மட்டுமே நம்பிக் கடை வைத்து, பெயர்ப்பலகையிலும் எழுதிப் போட்ட மனிதர் இதே ஊரில் இருந்தார். நகரமே ஒரு நாளை ஒதுக்கிக் கொண்டாடும்போது அவரை விட்டுவிடுவது நியாயம் இல்லை.

அந்தக் கழிவுச் சாமானின் இன்றைய மதிப்பையும் சொல்லிவிடுகிறேன். 2024-ல் சூப்பர் பௌல் எனப்படும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது மட்டும் அமெரிக்கர்கள் 145 கோடி விங்ஸ் தின்பார்கள் என்று கோழி உற்பத்தியாளர்களின் அமைப்பான நேஷனல் சிக்கன் கவுன்சில் மதிப்பிட்டது. உள்ளபடியே சொன்னால் எங்களுக்கெல்லாம் திருவிழா பிப்ரவரி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஜூலை 29 அன்று கேமராக்காரர்கள் வருவார்கள், சில கடைகளில் தள்ளுபடி போடுவார்கள், அவ்வளவுதான். சூப்பர் பௌல் அன்று காலையிலிருந்தே போன் ஓயாது. எல்லாச் சட்டியும் ஒரே நேரத்தில் கொதிக்கும். எங்கள் பஃபலோ பில்ஸ் அணி விளையாடும் சாதாரண நாட்களே பெரும்பாடு, இறுதிப் போட்டிக்கு அவர்கள் போய்விட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குத் தோள்பட்டை வலிக்கிறது. எங்கள் முதலாளிக்கோ அதைத் தவிர வேறு வேண்டுதலே கிடையாது.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஜூலை 29-க்கு இந்தச் செய்தியை மறுபடியும் போடுவீர்கள், போட வேண்டும். அப்போது மூன்று பெயரையும் போடுங்கள்: தெரெஸா பெல்லிஸிமோ, ஃபிராங்க் பெல்லிஸிமோ, ஜான் யங். இடம் போதாவிட்டால் ஃபிராங்க்கை எடுத்துவிடலாம், அவருக்கு மேயரின் அறிவிப்பே இருக்கிறது. சிக்கன் 65 ஒப்பீட்டையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

செய்திக்குக் கீழே கொடுத்திருந்த செய்முறையில் மைதாவும் கார்ன்ஃபிளவரும் சேர்க்கச் சொல்லியிருந்தீர்கள். வேண்டாம். வீட்டில் செய்கிறவர்கள் இறக்கைகளை ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றியெடுத்து, தட்டில் பரப்பி, ஃபிரிட்ஜில் மூடாமல் ஒரு ராத்திரி வைத்தால் போதும். தோல் உலர்ந்துவிடும், மாவு இல்லாமலே மொறுமொறுப்பு வரும். சாஸை அடுப்பில் கொதிக்க விடக் கூடாது, வெண்ணெய் பிரிந்துவிடும். இளஞ்சூட்டில் கலந்தால் போதும். புளூ சீஸ் அங்கே எல்லா ஊரிலும் கிடைக்காது, கிடைத்தாலும் அந்த வாடைக்கு வீட்டில் எதிர்ப்பு வரும். தண்ணீர் வடித்த கெட்டித் தயிரில் உப்பும் கொஞ்சம் மிளகும் போட்டு வைத்துக்கொள்ளலாம். செலரிக்குப் பதில் வெள்ளரிக்காய். பஃபலோக்காரர்கள் யாரிடமும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

என் பெயரும் முகவரியும் தங்கள் பார்வைக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். பிரசுரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
டோனவாண்டா, நியூயார்க் மாநிலம்